துணிக்கூரை போட்டுக் கோலகங்சார் போனோம்



ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போவதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பீர்கள். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, காலையில் பசியாறிவிட்டுப் புறப்பட்டால் வயிற்றில் இருப்பது செரிப்பதற்குள் ஊர் வந்துவிடுகிறது.

நாங்கள் அந்த வழியில் போகவில்லை. பழைய சடக்கில், மணிக்கு 35 மைலுக்கு மேல் போகாமல், 1961-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் காரில் போனோம். அதுவும் கூரையை மடக்கிப் பின்னால் போட்டுக்கொள்ளக்கூடிய திறந்த கார். நான் ஓட்டினேன். பக்கத்தில் 85 வயது அப்பா. பின்னால் மடியில் குடையோடு என் மனைவி.

"புதுக் கூரை போட்டாச்சே, குடை எதற்கு?" என்று கேட்டேன்.

"உங்க கூரையை நம்பி நனையறதுக்கு நான் தயாரா இல்லே" என்றாள்.

அந்தக் கூரையைப் போட்ட கதையைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. ஆகவே முதலில் காரைப் பாருங்கள், பிறகு ஏறிக்கொள்ளலாம்.

துரையின் கார்

மோரிஸ் மைனர் நம் நாட்டுக்குப் புதியதல்ல. உங்கள் தாத்தாவிடம் கேட்டால், தோட்டத்து டிரெஸ்ஸரோ பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரோ வைத்திருந்த கார் என்பார். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரை ஒட்டியுள்ள கௌலி தொழிற்சாலையில் செய்யப்பட்டது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். லண்டன் மோட்டார் கண்காட்சியில் 1948-ஆம் ஆண்டு அக்டோபரில் முதன்முதலாகக் காட்டினார்கள். 1971-இல் உற்பத்தி நிற்கும் வரை சுமார் 16 லட்சம் வண்டிகள் வெளிவந்தன. பத்து லட்சத்தை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் இதுதான்.

சுங்கை சிப்புட் வாசிகளுக்கு 1948 என்றால் வேறொரு நினைவு வரும். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான் எங்கள் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாட்டில் அவசரகாலம் பிறந்தது. அதற்குப் பிறகு துரைமார் இரும்புத் தகடு அடித்த வண்டிகளில் போனார்கள். 1960-இல் அவசரகாலம் முடிந்தது. மறு ஆண்டே எங்கள் தோட்டத்துத் துரை திறந்த கார் ஒன்றை வாங்கி வந்தார்.

"தகரப் பெட்டிக்குள்ளே உட்கார்ந்து போன மனுஷன், மேலே வானம் தெரியற காரு வாங்கினாரு. அப்பத்தான் சண்டை முடிஞ்சிருச்சின்னு நாங்க நம்பினோம்" என்பார் அப்பா.

புல்வெட்டு வேலையில் இருந்த அப்பா 1963-இல் அந்தக் காருக்கு டிரைவர் ஆனார். அப்போது அவருக்கு வயது 23. கார் ஓட்டுவது பாதி வேலை. கூரையைப் பார்த்துக்கொள்வது மீதி வேலை. வெயில் இதமாக இருந்தால் துரை மடக்கச் சொல்வார். மேகம் கறுத்தால் காரை ஓரத்தில் நிறுத்தி, இறங்கி, கூரையை இழுத்து, முன் கண்ணாடியின் மேல் சட்டத்தில் இரண்டு கொக்கிகளையும் மாட்ட வேண்டும். நம் ஊர் மழை சொல்லிவிட்டா வருகிறது? துரை உள்ளே உட்கார்ந்திருப்பார். அப்பா வெளியே நனைவார். பதினோரு வருடம் இப்படி.

அந்தப் பதினோரு வருடத்தில் அம்மா ஒரு நாள்கூட அந்தக் காரில் உட்கார்ந்ததில்லை. அவர் பால்வெட்டுக்காரி. அதிகாலையில் பிரட்டுக்கு நடந்து போவார். வெட்டி முடித்துக் காண்டாவில் பால் சுமந்து ஸ்டோருக்கு நடந்து வருவார். கார் பக்கத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு போகும்.

1974-இல் துரை தன் நாட்டுக்குத் திரும்பினார். போகும்போது காரை அப்பாவுக்கே மலிவாகக் கொடுத்தார். மலிவு என்றாலும் பணம் பணம்தானே? அம்மாவின் காதுத்தோடு அடகுக் கடைக்குப் போனது.

அம்மாவின் தையல்

கார் கைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அப்பா கூரையை மடக்கிவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். எனக்கு எட்டு வயது, தங்கைக்கு ஐந்து. அம்மா முன் ஆசனத்தில், தலைமுடி காற்றில் பறக்க, முந்தானையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன இடம் கோலகங்சார்.

பேராக் ஆற்றுக்கு மேலே இஸ்கந்தர் பாலம் கண்ணுக்குத் தெரிந்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. அப்பா இறங்கி ஓடிக் கூரையை இழுத்தார். பழைய ஹூட், துரு ஏறிய மூட்டு ஒன்று இறுகிக்கொண்டு வர மறுத்தது. அவசரத்தில் பலங்கொண்டு இழுத்தார். மடிப்பு விழும் இடத்தில் துணி ஒன்றரைச் சாண் நீளத்துக்குக் கிழிந்தது. நால்வரும் தொப்பலாக நனைந்தோம்.

அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அம்மாவோ சிரித்தார். "பதினோரு வருஷமா நீங்க மட்டும் நனைஞ்சீங்க. இன்னிக்கி எல்லாரும் நனைஞ்சாச்சி. கணக்குச் சரியாப் போச்சி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சாக்கு ஊசியை எடுத்தார். நூலை மெழுகுவத்தியில் உருவினார். கெட்டியான கித்தான் துணியில் ஒரு துண்டு வெட்டி, கிழிசலின் மேல் வைத்து, இரண்டு வரிசையாகத் தைத்தார். உள்பக்கம் அப்பா சைக்கிள் டியூப்பை வெட்டி, பஞ்சர் ஒட்டும் பசை தடவி ஒட்டினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை!

அதன் பிறகு வருடத்துக்கு ஒரு கிழிசல், இரண்டு வருடத்துக்கு ஒரு கிழிசல் என்று கூரை முழுவதும் அம்மாவின் தையல் பரவியது. மொத்தம் ஏழு ஒட்டுகள். 1996-இல் தோட்டத்தை விட்டு சுங்கை சிப்புட் தாமானுக்கு வந்தபோது காரும் கூடவே வந்து வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நின்றது. 2009-இல் அம்மா காலமானார். அதற்குப் பிறகு அப்பா வாரம் ஒரு முறை எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பார், துடைப்பார், மூடி வைப்பார். ஓட்டுவதில்லை.

போன வருடம் ஒரு நாள் திடீரென்று, "ஒரு தடவை கோலகங்சார் போயிட்டு வரணும்டா. அந்தக் கார்லேயே" என்றார்.

எஞ்சின் சம்மதித்தது. சக்கரங்கள் சம்மதித்தன. கூரைதான் சம்மதிக்கவில்லை. தொட்ட இடமெல்லாம் பொரிந்து உதிர்ந்தது.

ஈப்போ குஷன் கடையில்

ஈப்போவில் ஒரு சந்துக்குள், கார் ஆசனங்களுக்கு உறை தைக்கும் குஷன் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரச் சீனருக்கு வயது எழுபது இருக்கும். அவர் தகப்பனார் காலத்துக் கடை. காரைக் கண்டதும் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"புதுசா போட வேண்டாம் தவுக்கே. கிழிஞ்ச இடத்தைத் தைச்சிக் கொடுத்தாப் போதும்" என்று அப்பா மலாயில் சொன்னார். ஏன் அப்படிச் சொன்னார் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால் நான் வாய் திறக்கவில்லை.

தவுக்கே வாதாடவில்லை. காரை வெயிலில் நிறுத்தி, கூரையை மூடி, அப்பாவை உள்ளே உட்காரச் சொன்னார். என்னையும் உட்காரச் சொன்னார். "மேலே பாருங்கள்" என்றார்.

பார்த்தோம். வாசகர்களே, அமாவாசை இரவில் தோட்டத்து வாசலில் நின்று வானத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படி இருந்தது. துணி முழுவதும் ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சப் புள்ளிகள். ஏழே ஏழு இடங்கள் மட்டும் கறுப்பாக இருந்தன. அவை அம்மா தைத்த இடங்கள்.

தவுக்கே வெளியிலிருந்து சொன்னார்: "ஜாஹித் பாகுஸ், அங்கிள். காயின் சூடா மாத்தி."

தையல் நன்றாக இருக்கிறது. துணி செத்துப் போய்விட்டது என்று பொருள்.

பிறகு நிழலில் உட்கார வைத்து விளக்கினார். அது காருக்கு மட்டுமல்ல. லாரித் தார்ப்பாய்க்கும், பசார்க் கடைப் பந்தலுக்கும், லேண்ட் ரோவர் கூரைக்கும் பொருந்தும் என்பதால் உங்களுக்கும் சொல்கிறேன்.

துணி நல்லபடி இருந்து, ஆணியோ கொம்போ குத்தி ஓரிடத்தில் கிழிந்தால் ஒட்டுப் போடலாம். துணி நன்றாக இருந்து நூல் மட்டும் இற்றுப் போனால், பழைய துளைகளிலேயே ஊசி விட்டு மறுபடி தைக்கலாம். புதிய துளை போட்டால் புதிய ஒழுகல். பின்பக்கத்து பிளாஸ்டிக் ஜன்னல் மட்டும் மங்கியிருந்தால், அதை மட்டும் மாற்றலாம். ஆனால் துணியே பொரிந்து, மடித்தால் வெடித்து, வெளிச்சம் காட்ட ஆரம்பித்துவிட்டால் ஒட்டுப் போடுவதில் பயனில்லை. காரணம் எளிது. ஒட்டுப் போட்ட இடம் பலமாகிவிடுகிறது. காற்று இழுக்கும்போது அந்த இழுப்பு முழுவதும் பக்கத்திலுள்ள நோஞ்சான் துணியின் மேல் விழுகிறது. தைத்த இடம் கிழியாது. பக்கத்து இடம்தான் கிழியும்.

அப்பா தேநீரைக் குடித்து முடிக்கும் வரை பேசவில்லை. பிறகு, "சரி, மாத்துங்க. ஆனா பிரிக்கிறதை நான்தான் பிரிப்பேன்" என்றார்.

துணிக்கு நடுவே என்ன?

தவுக்கே இரண்டு வகைத் துணி எடுத்துப் போட்டார். ஒன்று வினைல். மேலே பிளாஸ்டிக் பூச்சு, அடியில் துணி. விலை குறைவு, ஈரத்துணியால் துடைத்தால் போதும். மற்றது மூன்றடுக்குத் துணி. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி. நடுவில்?

அப்பா அதன் ஓரத்தை விரலால் தேய்த்து, நகத்தால் பிரித்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனார். "கித்தா!" என்றார். முகத்தில் ஒரு மலர்ச்சி.

ஆம், நடுவில் இருப்பது ரப்பர்தான். இந்த யுக்தி இருநூறு ஆண்டு பழையது. ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் மக்கின்டோஷ் 1823-இல் இதற்கு உரிமம் வாங்கினார். ரப்பரை நாப்தா எண்ணெயில் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒன்றாக ஒட்டினார். மழை மேல்துணியை நனைக்கலாம். நடுவிலுள்ள ரப்பரைத் தாண்ட முடியாது. மழைக்கோட்டுக்கு வெள்ளைக்காரர்கள் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அந்த நாளைய ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குறை தீரும் என்பதை 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். அதன் பிறகுதான் ரப்பருக்கு உலகமெங்கும் கிராக்கி வந்தது. அந்தக் கிராக்கிதான் நம் தாத்தா பாட்டிமாரைக் கப்பல் ஏற்றி இந்தத் தோட்டங்களுக்குக் கொண்டு வந்தது.

துரை 1969-இல் பினாங்கில் போட்ட பழைய கூரையும் இப்படி ரப்பர் வைத்த இரட்டைக் கித்தான்தான். அப்பா நனைந்தபோது துரையை நனையாமல் காத்தது, அம்மாவைப் போன்றவர்கள் காண்டாவில் சுமந்து வந்த பாலின் வகைதான். இதை அப்பாவிடம் சொன்னேன். "அது அப்பவே எனக்குத் தெரியும்" என்றார்.

உண்மையையும் சொல்லிவிட வேண்டுமல்லவா? இன்றைய மூன்றடுக்குத் துணியின் நடுவில் இருப்பது பியூட்டைல் ரப்பர். மரத்தில் வடிவது அல்ல, பெட்ரோலிய எண்ணெயிலிருந்து செய்வது. காற்றும் நீரும் புகாமல் தடுப்பதில் அது இயற்கை ரப்பரை மிஞ்சும். இதைச் சொன்னபோது அப்பாவின் மலர்ச்சி கொஞ்சம் குறைந்தது. "அப்ப இது நம்ம பாலு இல்லியா?" என்றார். சற்று நேரம் துணியைத் தடவினார். "பரவால்லே. ஒழுகாம இருந்தா சரி. இதையே போடுங்க" என்றார்.

என் பாக்கெட்டிலிருந்து இரண்டு மாத ஓய்வூதியம் புறப்பட்டுப் போனது.

பிரித்ததும் பூட்டியதும்

பழைய கூரையைக் கிழித்து எறிந்துவிடக் கூடாது. அதுதான் புதிய கூரைக்கு அளவு. தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தரையில் விரித்து, எது இடம், எது வலம், எது முன், எது பின் என்று சாக்குக்கட்டியால் எழுதி வைக்க வேண்டும். ஆனால் பழைய துணி இழுபட்டு நீண்டிருக்கும். அதை அப்படியே நம்பாமல் சட்டத்தின் மேல் வைத்து மறுபடி அளக்க வேண்டும்.

அப்பா சவர பிளேடை ஒரு குச்சியில் செருகிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தார். கடையின் தையல்களை மளமளவென்று அறுத்தார். அம்மாவின் தையல் வந்ததும் வேகம் குறைந்தது. ஒவ்வொரு நூலையும் இழுத்துப் பார்த்தார். ஐம்பது வருடத்து மெழுகு நூல் அறுபட மறுத்தது. "பாத்தியா, எப்படித் தைச்சிருக்கா!" என்று ஒரே ஒரு முறை சொன்னார். நான் வெளியே போய்க் காபி வாங்கி வந்தேன்.

துணி போன பிறகு எலும்புக்கூடு தெரிந்தது. கூரையைத் தாங்கும் இரும்பு வளைவுகளின் மூட்டுகளில் துரு. 1974-இல் அப்பாவைக் காலை வாரிய மூட்டும் அங்கே இருந்தது! அதைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, வழுக்கிக்கொண்டு வரும்வரை திறந்து மூடிப் பழக்கினார்கள். வளைவுகளை இணைக்கும் நாடாக்கள் தொய்ந்திருந்தன, புதியவை கட்டினார்கள். நாடா தொய்ந்தால் கூரை குழி விழும், குழியில் மழைநீர் தேங்கும், தேங்கிய நீர் வழி தேடும். முன்பக்கம் கண்ணாடியோடு சேரும் சட்டம் மரத்தால் ஆனது. அது உளுத்துப் பொடியாகிவிட்டது. உள்ளூர்க் கெட்டி மரத்தில் ஒரு தச்சர் அதே வளைவில் செதுக்கிக் கொடுத்தார். உள்ளே எலும்பு உளுத்திருக்க, மேலே புதுத்துணி போட்டு என்ன பயன்?

துண்டுகளைச் சேர்க்கும்போது மேல்துண்டு கீழ்த்துண்டின் மேல் ஏறி நிற்க வேண்டும், அத்தாப்புக் கூரை வேய்வதைப் போல. அப்போதுதான் நீர் தையலுக்குள் போகாமல் வழிந்து ஓடும். இரட்டைத் தையல். தையல் துளைகளின் மேல் பசை பூச்சு.

பூட்டும் நாளன்று வெயில் ஏறும்வரை தவுக்கே காத்திருந்தார். புதுத்துணியை ஒரு மணி நேரம் வெயிலில் விரித்துப் போட்டார். சூடு ஏறினால் துணி இளகி இழுபடும். குளிர்நாட்டுக்காரர்கள் இதற்காக அடுப்பு வைத்துச் சூடாக்குவார்களாம். நமக்குச் சூரியன் இலவசம். துணியின் நடுக்கோட்டையும் சட்டத்தின் நடுக்கோட்டையும் குறித்து, இரண்டையும் சேர்த்து, நடுவிலிருந்து இரண்டு ஓரங்களுக்கும் போனார். பின்பக்கத்தை முதலில் பூட்டினார். பிறகு துணியை முன்னுக்கு இழுத்து, கொக்கிகளை மாட்டி, மரச்சட்டத்தின் விளிம்பு படும் இடத்தில் கோடு போட்டார். கொக்கிகளைக் கழற்றி, அந்தக் கோட்டைத் தாண்டி அரை அங்குலம் கூடுதலாக இழுத்து அடித்தார். அந்த அரை அங்குலம்தான் கூரையை மத்தளத் தோல் போல நிறுத்துகிறது.

"இரண்டு வாரம் மடக்கக் கூடாது. துணி உட்காரட்டும்" என்றார்.

பழைய கூரையின் துண்டுகளை என்ன செய்வது? சட்டம் போட்டு மாட்டலாமா என்று நான் யோசித்தேன். அப்பா ஒட்டுப் போட்ட பெரிய துண்டை மட்டும் எடுத்து, காரின் பின்பெட்டியில் உபரிச் சக்கரத்துக்கு மேலே விரித்தார். "டயர் வழியிலே மாத்த வேண்டி வந்தா கீழே போட்டு உட்காரலாம்" என்றார். அவ்வளவுதான்.

பழைய சடக்கில்

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, கடை வாசலிலேயே கூரையை மடக்கிக்கொண்டு புறப்பட்டோம்.

திறந்த காரில் போனவர்களுக்குத்தான் தெரியும். மூடிய காரில் ஊர் கண்ணாடிக்கு வெளியே ஓடுகிறது. திறந்த காரில் ஊர் மேலேயே வந்து விழுகிறது. ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளைத் தலையை உயர்த்தி உச்சிவரை பார்க்கலாம். பழைய ஈயக் குட்டைகளின் பக்கம் போகும்போது குளிர்ந்த காற்று. சிம்மோரைத் தாண்டும்போது குன்றை உடைக்கும் தூசு வாடை. கடைகளைக் கடக்கும்போது ரொட்டிச் சானாய் மணம். மோட்டார் சைக்கிளில் போனவர்கள் கையசைத்தார்கள். அப்பா ஒவ்வொருவருக்கும் பதிலுக்குக் கையசைத்தார். டிரைவராக இருந்த காலத்தில் இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருக்குமாம்.

சுங்கை சிப்புட் எங்கள் ஊர்; துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊர். அங்கே தேநீர் குடித்துவிட்டு, பழைய தோட்டத்து முனையில் காரை நிறுத்தினேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயம் இருந்த இடத்தில் லாலான் புல். "அதோ, அங்கேதான் கார்க் கொட்டாய். அந்த மேட்டிலேருந்து உங்கம்மா பால் தூக்கிட்டு இறங்குவா" என்று அப்பா கை காட்டினார். என் மனைவி அந்தத் திசையை வெகுநேரம் பார்த்தாள்.

இஸ்கந்தர் பாலம் தூரத்தில் தெரிந்தது. 1932-இல் திறக்கப்பட்ட பாலம்; வரிசையாக இரும்பு வளைவுகள்; அடியில் பேராக் ஆறு பழுப்பாக, அவசரமில்லாமல் போகிறது.

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, மழை அங்கேதான் பிடித்தது! பிற்பகல் மழை நம் ஊரில் அதிசயமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பின்னாலிருந்து குடை விரியும் சத்தம் கேட்டது. காரை ஓரம் நிறுத்தினேன். நான் கதவைத் திறப்பதற்குள், "நீ உட்காருடா" என்று சொல்லிவிட்டு அப்பா இறங்கிவிட்டார். அறுபது வயதை எட்டிய மகன் உள்ளே. 85 வயது அப்பா வெளியே! நானும் இறங்கினேன். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கூரை ஒரு முனகல்கூட இல்லாமல் எழுந்து வந்தது. டக், டக் என்று இரண்டு கொக்கிகள். உள்ளே ஏறினோம்.

மழை துணியின் மேல் பொரிந்தது. அப்பா கையைத் தூக்கி, தையல் ஓரமாக முன்னிருந்து பின்வரை விரலால் தடவிக்கொண்டே போனார். விரலைப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"இன்னிக்கிக் கணக்கு என்ன?" என்று கேட்டேன்.

"இன்னிக்கி நாம ரெண்டு பேரும் நனைஞ்சோம். உங்க வீட்டம்மா நனையலே" என்றார். பிறகு, "அன்னிக்கி அவ நனைஞ்சிருக்கக் கூடாது" என்றார் மெதுவாக. நான் அம்மாவின் சிரிப்பை நினைவுபடுத்தினேன். அவர் தலையாட்டினார். பாலத்தைத் தாண்டும்வரை யாரும் பேசவில்லை.

மரத்தடியில்

கோலகங்சார் பேராக் சுல்தானின் அரச நகரம். பொன்னிறக் கோபுரங்களுடன் 1917-இல் கட்டி முடிக்கப்பட்ட உபுடியா பள்ளிவாசல், 1905-இல் தொடங்கிய மலாய்க் கல்லூரி என்று பார்க்க வேண்டியவை உண்டு. ஆனால் அப்பா கேட்டது மாவட்ட அலுவலகத்துப் பக்கமுள்ள ஒரு மரத்தை.

அது ஒரு ரப்பர் மரம். 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். அங்கே முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றிலிருந்து சில கோலகங்சாருக்கு வந்து, அப்போதைய பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. அந்த முதல் தலைமுறையில் எஞ்சி நிற்பது இந்த மரம். சுற்றிலும் வேலி, ஓர் அறிவிப்புப் பலகை.

துரை அலுவலகத்துக்குள் போனால் வரும்வரை அப்பா இந்தப் பக்கம்தான் காத்திருப்பாராம். பதினோரு வருடத்தில் எத்தனை மணி நேரமோ! மழை விட்டிருந்தது. அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு மரத்தைப் பார்த்தார். "இதுக்கு இன்னிக்கும் இலை துளிர்க்குது பாரு" என்றார். பிறகு திரும்பிக் காரைப் பார்த்தார். புதுக்கூரையின் மேல் மழைத்துளிகள் முத்து முத்தாக நின்றன.

நான் கூரையை மடக்கப் போனேன். "ஈரத்தோட மடக்காதே!" என்று அதட்டினார். ஐம்பது வருடத்து டிரைவர் குரல் அது. ஈரத்தோடு மடக்கினால் பூசணம் பிடிக்கும். பிளாஸ்டிக் ஜன்னல் மங்கும். கழுவுவதற்குப் பச்சைத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். பெட்ரோலும் காரச் சோப்பும் ஆகாது. மடக்கும்போது ஜன்னலுக்கு நடுவே ஒரு மெல்லிய துணி வைக்க வேண்டும். இவையெல்லாம் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு நடந்த பாடம். இனிக் கூரை என் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம்.

வாசகர்களே, கோலகங்சார் போனால் அந்த மரத்தைப் பாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். போகும் வழியில் நெடுஞ்சாலையை விட்டுப் பழைய சடக்கில் இறங்குங்கள். இஸ்கந்தர் பாலத்தில் மெதுவாகப் போங்கள். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் ஒட்டுப் போட்டுக் காப்பாற்றிய பொருள் ஒன்று இருக்கும். அதை மாற்ற வேண்டிய நாள் வந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் கடைக்காரரிடம் தூக்கிக் கொடுப்பதற்கு முன், பிரிக்கும் வேலையை நீங்களே செய்யுங்கள். யார் எப்படித் தைத்தார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

எங்கள் கார் இப்போது கொட்டகையில் நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வெளியே வருகிறது. என் மனைவி குடையை மட்டும் இன்னும் விடவில்லை.